.22 ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக்கில் 50 மீட்டர் சுடுகிறவர்கள் எந்த ஸ்கோப் வைத்திருக்கிறார்கள்? அதையே வாங்கிவிடலாமா?

எதுவும் வைத்திருப்பதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அவருடைய ரைஃபிளில் ஸ்கோப், அதாவது மேலே மாட்டும் தொலைநோக்கி, கிடையாது. குறி பார்க்கும் அமைப்புக்கு சைட் என்று பேர்; பின்பக்கம் ஊசித்துளை மாதிரி ஒரு பீப் சைட், முன்பக்கம் ஒரு வளையம், அவ்வளவுதான். துப்பாக்கி சுடுதலின் உலக அமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் ரைஃபிளிலும் தொலைநோக்கி சைட்டுக்கு அனுமதி இல்லை. ஓடும் இலக்குப் போட்டிகள் மட்டும் விலக்கு.

ஆகவே முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, நான் எதில் சுடப்போகிறேன் என்பதுதான். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஐஎஸ்எஸ்எஃப் வரிசையில் ஏறுவதுதான் கனவென்றால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிட்டு அந்தப் பணத்தை நல்ல பீப் சைட்டிலும் தோட்டாவிலும் போடுங்கள். மேசையில் மணல்பை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், அமெரிக்காவில் பரவலாக நடக்கும், தூரம் மாற்றி மாற்றிச் சுடும் என்ஆர்எல்22 மாதிரியான போட்டிகள், அங்கேயே ‘எந்த சைட்டும் சரி’ என்று நடத்தும் படுத்துச் சுடும் பிரிவு, கிளப்பில் சும்மா காகிதம் துளைப்பது, எந்தத் தோட்டா நம் குழலுக்கு ஒத்துவருகிறது என்று பார்ப்பது: இவற்றுக்குத்தான் ஸ்கோப். கண் மூத்துப்போய் முன் சைட் மங்கலாகத் தெரிகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதையே மாட்டினால் என்ன?

மாட்டலாம், உடைந்து போகாது. ஆனால் இந்த ரைஃபிளில் போடும் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாவின் குணம் வேறு. 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயம். இலக்குக்கான தோட்டாக்கள் வினாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில், ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாகவே கிளம்புகின்றன. 50 மீட்டருக்குச் சரிசெய்து வைத்த ரைஃபிளால் 100 மீட்டரில் சுட்டால் தோட்டா 20 சென்டிமீட்டருக்கும் மேல் கீழே விழும். 200 மீட்டரில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அதனால் .22-ன் உலகம் பெரும்பாலும் 25-லிருந்து 100 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. நூறு, இருநூறு மீட்டரில் மான் சுடுவதற்கென்று அமைத்த ஸ்கோப் அந்தக் கிட்டத் தூரத்தில்தான் தடுமாறும். பெரிதாகக் காட்டாததால் அல்ல. அடுத்த கேள்வியில் வருகிறது பாருங்கள், அதனால்.

எல்லோரும் ‘பாரலாக்ஸ், பாரலாக்ஸ்’ என்கிறார்கள். அப்படி என்ன அது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேகமானியைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டுநர் 60 என்பார், நமக்கு வேறொரு எண் தெரியும். முள்ளும் எண்களும் ஒரே தளத்தில் இல்லாததால், பார்க்கும் கோணம் மாறினால் முள் நகர்ந்த மாதிரி தெரிகிறது. ஸ்கோப்பிலும் அதே கதைதான். இலக்கின் பிம்பம் ஓரிடத்தில் விழுகிறது, ரெட்டிகிள் என்கிற குறுக்குக்கோடு ஓரிடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே தளத்தில் பொருந்துவது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டும்தான். மற்ற தூரங்களில் கண்ணைக் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்தினால் கோடு இலக்கின்மேல் நகரும். ரைஃபிள் அசையவே இல்லை, ஆனால் குறி மாறிவிட்டது.

எவ்வளவு மாறும் என்று கணக்குப் போடலாம். முன் லென்ஸின் விட்டத்தில் பாதி. அதை, இலக்குத் தூரத்துக்கும் பாரலாக்ஸ் வைத்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, பாரலாக்ஸ் வைத்த தூரத்தால் வகுக்க வேண்டும். 40 மி.மீ. லென்ஸ், தொழிற்சாலையில் 100 மீட்டருக்குப் பொருத்தியது, நீங்கள் சுடுவது 50 மீட்டரில் என்றால் 20 × 50 ÷ 100 = 10 மி.மீ. இது கண் ஓரத்துக்கு ஒதுங்கும்போது வரக்கூடிய உச்சப் பிழை. 10 மி.மீ.தானே என்று தோன்றும். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். நடுவிலிருந்து 10 மி.மீ. விலகினால் பத்து ஒன்பதாகிவிடும்.

ரிம்ஃபயருக்கென்றே, அதாவது .22 மாதிரி விளிம்பில் தட்டி வெடிக்கும் தோட்டா ரைஃபிளுக்கென்றே, விற்கும் ஸ்கோப்புகளில் இதை 50 கஜத்துக்கோ அதை ஒட்டியோ வைத்திருப்பார்கள். ல்யூபோல்ட் நிறுவனம் ரிம்ஃபயர் ஸ்கோப்பை 60 கஜத்துக்கும், பெரிய ரைஃபிளுக்கானதை 150 கஜத்துக்கும் பொருத்துகிறது. 50 கஜத்துக்குப் பொருத்திய 40 மி.மீ. ஸ்கோப்பை 50 மீட்டரில் பயன்படுத்தினால் உச்சப் பிழை 2 மி.மீ.க்குள் அடங்கிவிடும். அதே ஸ்கோப்பை 100 மீட்டருக்குக் கொண்டுபோனால் 24 மி.மீ. என்று ஏறிவிடும். அதனால் ஒரே தூரத்தில் சுடுகிறவருக்கு நிலையான பாரலாக்ஸ் போதும். தூரம் மாற்றி மாற்றிச் சுடுகிறவருக்குத் திருகிச் சரிசெய்யும் வசதி கட்டாயம்.

என் முதல் ஸ்கோப்பை ‘9 மடங்கு, பெரிய லென்ஸ், விலையும் மலிவு’ என்று பார்த்து வாங்கினேன். பெட்டியில் பாரலாக்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு மாதம் முழுக்க என் மூச்சையும் விசையை அழுத்தும் விரலையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கிளப்பில் ஒரு பெரியவர் வந்து, ‘ரைஃபிளைத் தொடாதே, தலையை மட்டும் ஆட்டிப் பார்’ என்றார். கோடு பத்திலிருந்து எட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது.

அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். குண்டு இல்லாத ரைஃபிளை மணல்பைமேல் அசையாமல் வைத்து, கையை எடுத்துவிட்டு, ஸ்கோப் வழியே பார்த்தபடி தலையை இடவலமாக லேசாக நகர்த்துங்கள். கோடு நகராமல் நின்றால் அந்தத் தூரத்துக்குப் பாரலாக்ஸ் சரி.

திருகும் வளையம் முன் லென்ஸில் இருப்பது நல்லதா, பக்கவாட்டுக் குமிழ் நல்லதா?

வேலை ஒன்றுதான். முன் லென்ஸில் இருப்பது எளிய அமைப்பு, விலை குறைவு. ஆனால் படுத்திருக்கும்போது கை எட்டாது. பெஞ்ச்ரெஸ்டில் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்பதால் அது குறையே இல்லை. நிமிடத்துக்கொரு தூரம் மாறும் போட்டி என்றால் பக்கவாட்டுக் குமிழ்.

எதுவானாலும் அதில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். ‘50’ என்ற கோட்டில் வைத்தால் 50 மீட்டருக்குச் சரியாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அந்த 50 கஜமாகவும் இருக்கலாம். தலையை ஆட்டிப் பார்த்துச் சரியான இடம் கண்டு, அங்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இன்னொன்று: அதற்கு முன்னால் கண்ணுக்குப் பக்கத்திலுள்ள வளையத்தைத் திருகி, வெறும் வானத்தைப் பார்த்து, ரெட்டிகிள் கூர்மையாகத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டாம், கண் போய்விடும்.

எத்தனை மடங்கு வேண்டும்?

பலரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் வேண்டுமென்றே தள்ளி வைத்தேன்.

பொழுதுபோக்காக 50 மீட்டரில் சுட 9 அல்லது 12 மடங்கு போதும். 50 மீட்டரில் துளை எங்கே விழுந்தது என்று ரைஃபிள் ஸ்கோப்பிலேயே பார்க்க வேண்டுமானால் 20 மடங்குக்கு மேல் வேண்டியிருக்கும், 5.6 மி.மீ. துளை, அதுவும் கறுப்பின்மேல். பெஞ்ச்ரெஸ்டில் 36, 40, 50 என்று போவார்கள். பழைய வீவர் டி-36, அதற்குப் பிறகு 10-50 மடங்கு சைட்ரான், ஜப்பானின் மார்ச் என்று அந்த மேசைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பெயர்கள் சில உண்டு. எடை வகுப்புள்ள பிரிவென்றால் ஸ்கோப்பின் எடையும் ரைஃபிளோடு சேரும், மறந்துவிடாதீர்கள்.

நின்றோ முட்டியிட்டோ தடுப்பில் சாய்ந்தோ சுடுகிறவருக்கு அந்த 36 மடங்கு தண்டனை. இலக்கையே தேட வேண்டியிருக்கும், நம் நாடித் துடிப்பெல்லாம் திரையில் கூத்தாடும். மடங்கை மாற்றக்கூடிய 4-16 அல்லது 6-24 ஸ்கோப் எடுத்து, பெரும்பாலும் 10, 12-ல் வைத்துச் சுடுவார்கள்.

அப்புறம் கானல். காலை பத்து மணிக்குமேல் மண் சூடாகிவிட்டால் அதிக மடங்கில் இலக்கு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். மடங்கைக் குறைத்தால் நெளிவு போய்விடாது, ஆனால் கண்ணை உறுத்தாது. அனுபவசாலிகள் அந்த நெளிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தே காற்றைப் படிப்பார்கள். ஆரம்பத்தில் இருப்பவர் விடியற்காலையில் சுடப் போவது உத்தமம்.

முன் லென்ஸ் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் விட்டம் என்பது லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால் வருவது. 40 மி.மீ. லென்ஸ், 24 மடங்கு என்றால் 1.7 மி.மீ. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2, 3 மி.மீ.க்குச் சுருங்கியிருக்கும், எனவே கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் வெயிலில் காகிதம் சுட அது போதும். கூரைக்கு அடியில் குழல்விளக்கில் சுடுகிறவர்கள் 50 மி.மீ.க்குப் போகலாம். லென்ஸ் பெரிதானால் ஸ்கோப் உயரமாக ஏறும், கன்னம் கட்டையில் பதியாமல் தாடை மட்டும் தொடும். மேலே கொடுத்த கணக்கைத் திரும்பப் பாருங்கள்: லென்ஸ் பெரிதானால் பாரலாக்ஸ் பிழையின் உச்சமும் பெரிதாகும்.

எம்ஓஏ-வா, மில்லா?

உங்கள் பக்கத்து மேசைக்காரர் எதைப் பேசுகிறாரோ அதை வாங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இரண்டும் கோணத்தை அளக்கும் அலகுகள். வித்தியாசம் கிளிக்கின், அதாவது குறியை நகர்த்தும் குமிழை ஒரு சொடுக்கு திருகுவதன், அளவில்தான். ஒரு எம்ஓஏ என்பது 100 மீட்டரில் 29 மி.மீ. 50 மீட்டரில் கால் எம்ஓஏ கிளிக் 3.6 மி.மீ. நகர்த்தும், அரைக்கால் எம்ஓஏ 1.8 மி.மீ., 0.1 மில் கிளிக் 5 மி.மீ. பத்து வட்டத்தின் நடுவில் உட்கார வைக்க வேண்டிய பெஞ்ச்ரெஸ்ட்காரருக்கு அரைக்கால்தான் சுகம். தூரம் மாற்றிச் சுடுகிறவருக்கு மில் கணக்கு மனதில் போட எளிது. கோடும் குமிழும் ஒரே அலகில் இருக்கட்டும். ரெட்டிகிள் மில், குமிழ் எம்ஓஏ என்று கலந்த பழைய ஸ்கோப்புகள் மலிவாகக் கிடைக்கும். வேண்டாம் அந்தத் தலைவலி.

ரெட்டிகிள் முதல் தளத்திலா, இரண்டாம் தளத்திலா?

முதல் தளமென்றால் ரெட்டிகிள் மடங்கை மாற்றும் லென்ஸுக்கு முன்னால் இருக்கிறது, இரண்டாம் தளமென்றால் பின்னால். முதல் தளத்தில் மடங்கைக் கூட்டும்போது கோடும் தடிக்கும், ஆனால் கோட்டிலுள்ள அளவுகள் எல்லா மடங்கிலும் சரியாக இருக்கும். இரண்டாம் தளத்தில் கோடு எப்போதும் ஒரே மெல்லிசு. காகித இலக்குக்கு இரண்டாம் தளம். கோட்டை வைத்தே இறக்கம் கணித்துச் சுடும் போட்டிக்கு முதல் தளம். 50 மீட்டருக்கு மெல்லிய சிலுவை, நடுவில் சின்னப் புள்ளி, இது போதும். அரைக்கால் எம்ஓஏ புள்ளி அந்தத் தூரத்தில் 1.8 மி.மீ.தான் மறைக்கும். கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கோடும் எண்ணும் நிறைந்தவை அங்கே கண்ணைத்தான் கெடுக்கும்.

என் ரைஃபிளில் பிக்காட்டினி ரெயில் இல்லை, நீளமாக இரண்டு பள்ளம்தான் இருக்கிறது. எந்த மவுண்ட்?

அது 11 மி.மீ. டவ்டெய்ல், பக்கவாட்டில் சரிவாகச் செதுக்கிய பள்ளம். பிக்காட்டினி என்பது குறுக்கே வெட்டுகள் கொண்ட தண்டவாளம். அன்ஷுட்ஸ், சிஇசட் முதலிய பல .22 ரைஃபிள்களில் இதுதான். அதற்கென்று ரிங், அதாவது ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம், தனியாகக் கிடைக்கும். வீவர் அல்லது பிக்காட்டினி ரிங்கை அதில் இறுக்கப் பார்க்காதீர்கள். ஸ்கோப் குழாய் 25.4 மி.மீ.யா 30 மி.மீ.யா என்று அளந்துவிட்டு ரிங் வாங்குங்கள். திருகாணிகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரிங் திருகுக்கு 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே போதும். .22-க்கு உதைப்பே இல்லை. பலத்தைக் காட்டினால் குழாய்தான் நசுங்கும்.

சாய்வான ரெயில் (20 எம்ஓஏ) வேண்டுமா என்றால், 50 மீட்டரோடு நிற்கிறவருக்கு வேண்டாம். 200 மீட்டர் போக 50 மீட்டர் குறியிலிருந்து 25 எம்ஓஏ-வுக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும், அங்கே அது உதவும்.

ரெட்டிகிள் நேராக நிற்க ஒரு சுலப வழி: கொத்தனார் தூக்குக்குண்டு இருக்கிறதல்லவா, அதை 25 மீட்டரில் தொங்கவிட்டு, ரைஃபிளை நீர்மட்டம் வைத்து நிமிர்த்தி, செங்குத்துக் கோட்டை நூலோடு பொருத்திவிட்டு ரிங்கை இறுக்குங்கள். இதில் அசட்டை கூடாது. சுடும்போது ரைஃபிள் 5 டிகிரி சாய்ந்தால் 50 மீட்டரில் தோட்டா ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். பலர் அதற்குக் காற்றைத் திட்டுவார்கள்.

ஏர் ரைஃபிள் ஸ்கோப்பை .22-க்குப் போடலாமா?

தாராளமாக. 10 மீட்டர்வரை பாரலாக்ஸ் திருகும் வசதி இருப்பதால் பல நேரம் நல்ல தேர்வும்கூட. ஆனால் தலைகீழாகச் செய்யும்போது எச்சரிக்கை. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் முதலில் பின்னாலும், உடனே முன்னாலும் உதைக்கும். அதற்கென்று கட்டாத ஸ்கோப்பின் உள்பாகங்கள் அந்த முன்னுதையில் தளர்ந்துவிடும்.

வாங்கியதும் எப்படிச் சோதிப்பது?

பெட்டிச் சோதனை. ஒரே குறியை வைத்துச் சுட்டபடி வலது 20 கிளிக், மேலே 20, இடது 20, கீழே 20 என்று ஒவ்வொரு மூலையிலும் ஐந்து தோட்டா. ஒரே குறியில் விழும் துளைகளின் கூட்டத்தைக் குழு என்பார்கள்; ஐந்தாவது குழு முதல் குழுவின்மேலேயே விழ வேண்டும். கால் எம்ஓஏ ஸ்கோப் 50 மீட்டரில் 7 சென்டிமீட்டர் சதுரம் வரைய வேண்டும். திரும்பி வராத ஸ்கோப்பைப் பில் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நல்ல ஸ்கோப் மாட்டியும் குழு விரிகிறது. ஸ்கோப்தான் காரணமா?

தோட்டாவைச் சந்தேகியுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு தோட்டாக்களுக்கு இடையே வினாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால் 50 மீட்டரில் 7, 8 மி.மீ. மேல்கீழாகப் பிரியும், 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர். எந்த லென்ஸும் அதைச் சேர்த்துவைக்காது. ஈலி, லாப்புவா, எஸ்கே ஆகிய நிறுவனங்களின் தோட்டாக்களில் இரண்டு மூன்று வகையை வாங்கி, ஒவ்வொன்றிலும் 50 தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். ஒரே வகையிலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் குணம் மாறும். எனவே ஸ்கோப்புக்கு ஒதுக்கிய தொகையில் கொஞ்சத்தை இதற்கு எடுத்து வைப்பது புத்திசாலித்தனம் என்பேன். குழு மேல்கீழாக நீண்டால் தோட்டா, எல்லாப் பக்கமும் ஒழுங்கின்றிச் சிதறினால் முதலில் தளர்ந்த ரிங் திருகு, பிறகு பாரலாக்ஸ். இந்த வரிசையில் பார்த்தால் நேரம் மிச்சம்.

கடலோர ஊர். லென்ஸில் பூஞ்சை பிடிக்குமா?

பிடிக்கும். கேமரா வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். நுரைப் பஞ்சு வைத்த பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். லென்ஸைத் துடைக்கும்முன் ஊதி, தூரிகையால் தூசி தட்டிவிட்டு அப்புறம்தான் துணி. சட்டை நுனியால் துடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு பற்றியெரியும்.

இந்தியாவில் உரிமம்?

.22 ரைஃபிளுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். கிளப் வழியாகப் போவதுதான் நேர்வழி. வெளிநாட்டிலிருந்து ஸ்கோப் தருவிக்கும் எண்ணம் இருந்தால் பணம் கட்டும்முன் சுங்க விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே எழுதியதெல்லாம் காகித இலக்குக்கு.

பழைய ஸ்கோப் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே சிலந்திவலை மாதிரி நூல் ஓடுகிறதா பாருங்கள், ஓடினால் பூஞ்சை. குழாயில் ரிங் பதிந்த பள்ளம் ஆழமாக இருந்தால் யாரோ முரட்டுத்தனமாக இறுக்கியிருக்கிறார்கள். குமிழின் ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், கொழகொழவென்று இருக்கக் கூடாது. பாரலாக்ஸ் வளையம் கடைசிவரை திரும்புகிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் கெட்டியாகிப் பாதியில் நிற்பவை நிறைய. இத்தனையும் தேறினால், விற்பவரின் ரைஃபிளிலேயே மாட்டி ஒரு பெட்டிச் சோதனை செய்யக் கேளுங்கள். தோட்டா உங்கள் செலவு என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.